ஒரு நீளம், மூணு குட்டை

வெர்னா: ...தோத்தே போச்சுக்கா! சாராயம் தோத்தே போச்சு! இன்னும் ஒரு வருஷம். அப்புறம் ஆரகன் மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஒரு சொட்டு கிடைக்காது. இங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாசல்ல தேவாலயத்துப் பொம்பளைங்க கைதட்டிட்டு நிக்கறாங்க, கேக்குதா?

ஆல்டா: கேக்குது, கேக்குது. மத்தது என்னாச்சு?

வெர்னா: எந்த மத்தது? அந்த ஓட்டுச்சீட்டுல இருபத்தொன்பது கேள்வி. முழ நீளம். நான் ஓட்டுப் போட்டுட்டு வெளிய வர்றதுக்குள்ள பென்சிலே தேஞ்சுபோச்சு.

ஆல்டா: எதுன்னு உனக்குத் தெரியும் வெர்னா.

வெர்னா: ...தூக்கா?

ஆல்டா: தூக்குத் தண்டனைதான்.

வெர்னா: அது இன்னும் இழுபறி. தலைநகர் சேலெம்லேர்ந்து மணிக்கு ஒரு தடவை கூப்பிடறாங்க. ஒரு தடவை "வேண்டாம்" முன்னாடி. அடுத்த தடவை "இருக்கட்டும்" முன்னாடி. போர்ட்லண்ட் பெட்டியெல்லாம் இன்னும்...

எஸ்ரா: சாராயம் தோத்துச்சுன்னு எவன் சொன்னான்?

வெர்னா: ஐயோ! எஸ்ரா மாமா! எவ்வளவு நேரமாக் கேட்டுட்டிருக்கீங்க?

எஸ்ரா: இப்பத்தான் எடுத்தேன்.

வெர்னா: பொய். அக்கா குரல் அப்பவே சன்னமாயிடுச்சு. ஒவ்வொரு வீடா ரிசீவரை எடுக்க எடுக்க குரல் தேயும். எனக்குத் தெரியாதா?

எஸ்ரா: ஒரே கம்பியில பத்து வீட்டைக் கட்டிப் போட்டுட்டு, ஒட்டுக் கேக்காதேன்னா எப்படி? ஏம்மா ஆல்டா, என் தோட்டம் போச்சு, கேட்டியா? பீருக்குப் போடலேன்னா ஹாப்ஸ் பூவை வச்சு நான் என்ன பண்றது?

ஆல்டா: தலையணையில அடைங்கண்ணே. நல்லாத் தூக்கம் வரும்.

எஸ்ரா: சிரிக்கறே. சரி, சிரி. நீ சிரிச்சுக் கேட்டு ரொம்ப நாளாச்சு. உனக்கு ஒரு சேதி வச்சிருக்கேன், ஆனா சிரிக்கற சேதி இல்ல. நம்ம பள்ளிக்கூடத்துப் பெட்டியை எண்ணின நாலு பேர்ல நானும் ஒருத்தன், தெரியுமில்ல?

வெர்னா: மாமா, அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது.

எஸ்ரா: யார் ஓட்டுன்னு சொன்னாத்தான் தப்பு. எத்தனைன்னா சொல்லலாம். ஆல்டா... இந்தப் பள்ளத்தாக்குல உன் வாசலுக்கு வந்து, "உன் புருஷன் ரூபனுக்காக நாங்க தூக்கு இருக்கட்டும்னுதான் போடுவோம்"னு சொல்லாத ஆள் ஒருத்தராவது உண்டா?

ஆல்டா: இல்லண்ணே. எல்லாரும் சொன்னாங்க. சிலர் கேக்கோட வந்து சொன்னாங்க.

எஸ்ரா: பெட்டியைத் திறந்தா பாதிக்கு மேல "வேண்டாம்"!

வெர்னா: என்னது!

எஸ்ரா: பாதிக்கு மேல! நான் மூணு தடவை எண்ணச் சொன்னேன். கேக்கைக் குடுத்துட்டுப் போய்க் கழுத்தறுத்திருக்காங்க. துரோகிங்க!

ஆல்டா: ...தப்பாக் குறி போட்டிருப்பாங்கண்ணே. கேள்வியே குழப்படிதானே. "ஆமா"ன்னு போட்டா தூக்கு கிடையாது. "இல்லை"ன்னு போட்டாத்தான் தூக்கு உண்டு.

எஸ்ரா: நானும் அதைத்தான் சொன்னேன்! ஆமான்னா கயிறுன்னு நினைச்சிருப்பானுங்க, முட்டாப்பசங்க. அதுலயும் ஒரு சீட்டு பாரு, இருபத்தெட்டுக் கேள்விக்கும் அழகா, கோடு கோணாம பெருக்கல் குறி. இது ஒண்ணு மட்டும் காலி. பென்சில் வச்சு வச்சு எடுத்த புள்ளிதான் இருக்கு. இதுக்கு ஒரு பதில் சொல்ல வக்கில்லாதது எதுக்கு ஓட்டுப் போட வருது?

ஆல்டா: ...புள்ளியா?

எஸ்ரா: புள்ளி புள்ளியா. கோழி கொத்தின மாதிரி. ...அதென்ன சத்தம்?

ஆல்டா: என்ன சத்தம்?

எஸ்ரா: கீச்சு கீச்சுன்னு. பறவை.

ஆல்டா: அதுவா. எங்க வீட்டுக் கூரையில ஒரு குருவி.

வெர்னா: நவம்பர் மழையில பாடற குருவியாக்கா?

ஆல்டா: அதுக்கு என்ன கஷ்டமோ. வெர்னா, ஒண்ணு செய். இனிமே தூக்கு எண்ணிக்கை வர்றப்போ என் மணியை அடிக்காதே. பொது மணி அடி.

வெர்னா: பொது மணியா? வீட்டுக்கு வீடு நீளமும் குட்டையுமாத் தனி மணி இருக்கே. இது தீப்பிடிச்சா, ஆறு கரை உடைச்சா அடிக்கற மணிக்கா. ஒரே இழுப்பா இழுத்தா பத்து வீட்லயும் ஓடிவந்து எடுப்பாங்க.

ஆல்டா: எடுக்கட்டும். பத்து வீடும் கேக்கட்டும்.

எஸ்ரா: அப்படிச் சொல்லு அம்மாடி! ரூபனைக் கொன்னவன் கழுத்துல கயிறு விழற சேதியைப் பள்ளத்தாக்கே நின்னு கேக்கணும். அந்த வீடும் சேர்ந்து கேக்கணும்.

வெர்னா: மாமா!

எஸ்ரா: என்ன மாமா? லெவினா வீட்லயும் இதே கம்பிதானே போகுது? பெத்த பிள்ளை செஞ்சதுக்கு அவ ஒரு வார்த்தை பேசினாளா? அறுவடை நடனத்துல குடிச்சுட்டு, கூலி போதலைன்னு ரூபன் நெஞ்சுல சுட்டான் கால்வின். அன்னிலேர்ந்து அவ வாயைத் திறக்கலை.

வெர்னா: யார் அவங்ககிட்ட பேசினாங்க, அவங்க பேச? போன வருஷம் அறுவடையிலேர்ந்து அந்த வீட்டு மணியை நான் ஒரு தடவைகூட அடிக்கலை. ஒருத்தராவது கேட்டாத்தானே அடிக்க.

ஆல்டா: ...வெர்னா. பொது மணி. மறந்துடாதே.

*

வெர்னா: எல்லாரும் எடுத்தாச்சா? நான் பேசறது எனக்கே கேக்க மாட்டேங்குது. கொஞ்சப் பேர் வச்சாத்தான் என்ன?

எஸ்ரா: எவனும் வைக்க மாட்டான். கத்திச் சொல்லு!

வெர்னா: சொல்றேன்! கிழக்கு மாவட்டமெல்லாம் வந்தாச்சு. அங்க ஆடு மேய்க்கறவங்க மொத்தமா "தூக்கு இருக்கட்டும்". அவங்கதான் இப்போ முன்னாடி!

எஸ்ரா: அடிச்சான் பாரு! ஆல்டா, கேட்டியா? நாம முன்னாடி!

ஆல்டா: எவ்வளவு முன்னாடி?

வெர்னா: கொஞ்சம்தான்கா. லட்சக்கணக்குல விழுந்ததுல சில நூறு. ஆனா கடலோரப் பெட்டி வரணும். மழையில பாதை கரைஞ்சுடுச்சாம், குதிரையில கொண்டுவர்றாங்க.

ஆல்டா: கடலோரத்துல எப்படிப் போடுவாங்க?

வெர்னா: யாருக்குத் தெரியும்? மீன் பிடிக்கறவங்க மனசு மீனுக்குத்தான் தெரியும்.

எஸ்ரா: தூக்குதான் ஜெயிக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி இதே கேள்வி வந்தப்பவும் ஜெயிச்சுது. நான் ஏற்கனவே தொப்பி வாங்கியாச்சு.

வெர்னா: எதுக்கு மாமா தொப்பி?

எஸ்ரா: கிறிஸ்மஸுக்கு முன்னாடி சேலெம் போகணுமே, அதுக்கு. ஆல்டா, செத்தவன் வீட்டுக்காரங்களுக்குன்னு ஜெயில்லேர்ந்து ஒரு அனுமதிச் சீட்டு வருமில்ல? நீ போகலேன்னா...

ஆல்டா: உங்களுக்குத் தரேன்.

எஸ்ரா: இதுதான் மனசு! அந்தக் காலத்துல சீட்டெல்லாம் இவ்வளவு கிராக்கி இல்ல. கோர்ட் வாசல்லயே மரத்தை நட்டுத் தூக்குல போட்டுடுவாங்க. எனக்கு ஏழு வயசு இருக்கும். எங்கப்பா தோள்ல உக்காத்தி வச்சார். பாண்டு வாசிச்சாங்க. ஒருத்தி எலுமிச்சை ரசம் வித்தா. அப்புறம் ஷெரிஃபு கறுப்புக் கரை போட்ட அழைப்பு அச்சடிச்சு ஊர்ப் பெரியவங்களுக்கு மட்டும்னு ஆக்கினாரு. அப்புறம் எல்லாத்தையும் சேலெம் ஜெயில் மதிலுக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. திருவிழா போச்சு.

வெர்னா: உவ்வே. எலுமிச்சை ரசமா?

எஸ்ரா: நல்லா இனிப்பா இருந்துச்சு.

ஆல்டா: கடைசியா நீங்களும் ரூபனும் சேர்ந்து போனீங்களே, அப்பவும் வித்தாங்களா அண்ணே?

எஸ்ரா: ...எப்போ?

ஆல்டா: ரெண்டு வருஷம் முன்னாடி. ஓட்டுல தூக்கு ஜெயிச்சதும். ஒரே வெள்ளிக்கிழமை நாலு பேர். நீங்க ரெண்டு பேரும் காலை ரயில்ல போனீங்க.

எஸ்ரா: ஆங்... அது. அங்க ஒண்ணும் விக்கலை.

ஆல்டா: எப்படி இருந்துச்சு?

எஸ்ரா: எப்படி இருக்கும்? நல்லா நடந்துச்சு. ஒழுங்கா நடந்துச்சு. ஏம்மா, ரூபன் சொல்லலையா?

ஆல்டா: ஏதோ சொன்னார்.

எஸ்ரா: ...என்ன சொன்னான்?

ஆல்டா: நல்லா நடந்துச்சுன்னு.

எஸ்ரா: ஆமா. நல்லாத்தான். ...இந்தக் குருவி இன்னும் உன் கூரையிலயா இருக்கு? விடாம கத்துது!

ஆல்டா: பசியா இருக்கும்.

வெர்னா: மாமா, துரோகிங்களைக் கண்டுபிடிச்சீங்களா?

எஸ்ரா: லிஸ்டு போட்டுட்டே இருக்கேன். பள்ளிக்கூட வாத்தியார் ஒண்ணு. அவன் கண்ணாடி போட்டவன். பாதிரியார் சம்சாரம் ரெண்டு.

வெர்னா: பாதிரியாரு?

எஸ்ரா: அவர் கயிறு பக்கம்தான். வேதத்துலயே இருக்கு, கண்ணுக்குக் கண்ணுன்னு. நீ எதுக்குப் போட்டே, வெர்னா?

வெர்னா: நானா? நான்... அக்காவுக்காகத்தான். வேற எதுக்குப் போடுவேன்? ஐயோ, வேற கம்பியில மணி அடிக்குது. வச்சுடறேன்!

எஸ்ரா: பொண்ணு ஏன் இப்படித் தடுமாறுது?

ஆல்டா: குளிரு.

*

வெர்னா: வந்துடுச்சு! வந்துடுச்சு! எல்லாரும் எடுங்க! அக்கா, இருக்கீங்களா? எஸ்ரா மாமா?

எஸ்ரா: இரைக்கற மூச்சோட ஓடி வந்திருக்கேன், சொல்லித் தொலை!

வெர்னா: முடிவான கணக்கு! சேலெம்லேர்ந்து! மூணு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டேன். பதட்டத்துல பிளக்கைத் தப்பு ஓட்டையில சொருகி பல் டாக்டரைக் கூப்பிட்டுட்டேன்.

ஆல்டா: வெர்னா. எது?

வெர்னா: ரெண்டு பக்கமும் லட்சத்துக்கு மேலக்கா! லட்சத்துக்கு மேல! நடுவுல வித்தியாசம் நூத்தம்பத்தேழு!

எஸ்ரா: யாருக்கு? யாருக்கு நூத்தம்பத்தேழு?

வெர்னா: ...தூக்கு வேண்டாம்கறவங்களுக்கு. தூக்கு போச்சு. ஆரகன்ல இனிமே யாரையும் தூக்குல போட முடியாது. ஆயுள் முழுக்க ஜெயில். அவ்வளவுதான்.

ஆல்டா: கால்வினுக்கும்?

வெர்னா: கவர்னர் கையெழுத்துப் போட்டு அறிவிச்சதும், கால்வினுக்கும்தான். மன்னிச்சுக்கோங்கக்கா.

எஸ்ரா: நூத்தம்பத்தேழு! நம்ம ஊர்த் துரோகிங்க மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா... இங்க பாதி, பக்கத்து ஊர்ல பாதின்னு...

வெர்னா: நான்தான் மாமா.

எஸ்ரா: என்ன நீதான்?

வெர்னா: துரோகி. லிஸ்டுல எழுதிக்கோங்க. நான் "ஆமா"ன்னு போட்டேன். தெரிஞ்சே போட்டேன். அக்கா, நீங்க இனிமே என்கிட்ட பேசலேன்னாலும் பரவாயில்ல. அன்னிக்கு நாலு பேரைப் போட்டாங்களே, அந்தச் சேதியையும் இந்த எக்ஸ்சேஞ்ச் பலகை முன்னாடி உக்காந்து நான்தான் வாங்கினேன். ஒவ்வொரு பேரா. எழுத்துக் கூட்டி. இன்னொரு பேரை அப்படி வாங்க என்னால முடியாதுக்கா...

எஸ்ரா: வெக்கமா இல்ல உனக்கு? ஆல்டா சோத்தைத் தின்னுட்டு...

ஆல்டா: அண்ணே, அவளைத் திட்டாதீங்க. என்னையும் எழுதிக்கோங்க.

எஸ்ரா: என்ன எழுத?

ஆல்டா: லிஸ்டுல. நானும் "ஆமா"தான்.

எஸ்ரா: ...தப்பாப் போட்டியா? ஆமான்னா கயிறுன்னு நினைச்சு?

ஆல்டா: சரியாத்தான் போட்டேன். அன்னிக்கு சேலெம்லேர்ந்து வந்து ரூபன் மூணு நாள் சாப்பிடலை. ஹாப்ஸ் கொடி ஏறக் கட்டின கயித்தையெல்லாம் பாத்துட்டே நின்னார். அப்புறம் சொன்னார், "ஆல்டா, நான் கயிறு பக்கம் ஓட்டுப் போட்டுட்டு, அது என்ன பண்ணும்னு பாக்கவும் போனேன். அடுத்த தடவை வேண்டாம்னு போடணும்"னு. அடுத்த தடவை வர்றப்போ அவர் இல்ல. அதுக்குள்ள பொம்பளைங்களுக்கும் ஓட்டு வந்திருந்துச்சு, எனக்கும்தான்.

எஸ்ரா: இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?

ஆல்டா: எப்படிச் சொல்றது? எல்லாரும் அவர் பேரைச் சொல்லிக் கேக்கோட வர்றாங்க. வேண்டாம்னு சொன்னா, புருஷன் மேல பாசம் இல்லாதவள்னு சொல்லுவீங்க. நீங்கதான் முதல்ல சொல்லுவீங்க.

எஸ்ரா: சொல்லியிருப்பேன்.

வெர்னா: மாமா? ...மாமா, அழறீங்களா?

எஸ்ரா: மூச்சு இரைக்குது.

வெர்னா: இது இரைப்பு மாதிரி இல்லையே.

எஸ்ரா: வாயை மூடு. ...ரயில்ல ரூபன் என்கிட்டயும் சொன்னான். நான் ஜன்னல் வழியா வெளிய வாந்தி எடுத்துட்டிருந்தேன். அவன் என் கோட்டைப் பிடிச்சுட்டு நின்னான். "எஸ்ரா, நாம அடுத்த தடவை"ன்னான். சரின்னேன். அப்புறம் அவனையே கொன்னுட்டாங்க. இனிமே எப்படி? எல்லாரும் கயிறுன்னு கத்தறாங்க. நான் எல்லாரையும் விடச் சத்தமாக் கத்தினேன். பென்சிலைக் கையில எடுத்ததும்... போட்டுட்டேன் போ. தப்பாத்தான் போட்டேன்.

வெர்னா: தப்பாவா?

எஸ்ரா: சரியாத்தான்! விடேன்!

ஆல்டா: அந்தத் தொப்பி?

எஸ்ரா: ஈஸ்டருக்குப் போட்டுக்கறேன்.

வெர்னா: ஐயோ, அக்கா சிரிக்கறாங்க. மாமா, அக்கா சிரிக்கறாங்க! கேட்டீங்களா, டக்கு டக்குன்னு ஒவ்வொருத்தரா ரிசீவரை வைக்கறாங்க! பாதிரியார் சம்சாரம்தான் முதல்ல வச்சது. எல்லாரும் புருஷன்கிட்ட, பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்ல ஓடறாங்க போல!

எஸ்ரா: எல்லாரும் வச்சும் அந்தக் குருவி இன்னும் கத்துதே. ஆல்டா, உன் கூரை... இரு. இது குருவி இல்ல. இது கூண்டுல பாடற கேனரி. இந்தப் பள்ளத்தாக்குல கேனரி வளர்க்கறது ஒரே வீடுதானே? மாநிலச் சந்தையில கால்வின் அவங்கம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த...

ஆல்டா: எஸ்ரா அண்ணே.

எஸ்ரா: ஏம்மா?

ஆல்டா: ரிசீவரை வச்சிடுங்க.

எஸ்ரா: ...வச்சுட்டேன், வச்சுட்டேன்.

வெர்னா: மாமா, இன்னும் இரைப்புக் கேக்குது.

எஸ்ரா: இப்ப நிஜமாவே வைக்கறேன்.

ஆல்டா: லெவினா. ஒண்ணும் பேச வேண்டாம். நீயும் ரிசீவரை வச்சிட்டு, அங்கேயே நில்லு. ...வச்சிட்டாளா?

வெர்னா: வச்சாச்சுக்கா. பறவை நின்னுடுச்சு. அவங்க இருக்காங்கன்னு எனக்கு முதல் நாளே தெரியும். எதுக்குப் பொது மணி அடிக்கச் சொல்றீங்கன்னும்... பொது மணின்னா அவங்களும் கூச்சப்படாம எடுக்கலாம். இல்ல? ஆனா, இவ்வளவு நேரம் கம்பியிலேயே இருந்தவங்களை ஏன் வைக்கச் சொன்னீங்க?

ஆல்டா: அவ வீட்டுச் சுவர்ல அந்த மணி அடிச்சு ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. அடி. பத்து வீட்லயும் கேக்கற மாதிரி அடி. அது யார் வீட்டு மணின்னு எல்லாருக்கும் தெரியணும்.

வெர்னா: ஒரு நீளம்... மூணு குட்டை. சரியாக்கா? கை மறந்துடுச்சு.

ஆல்டா: சரிதான். அடி.

லெவினா: ...ஹலோ?

ஆல்டா: லெவினா, ஆல்டா பேசறேன். உன் பையனைத் தூக்குல போட மாட்டாங்க.

லெவினா: ...கேட்டேன்.

ஆல்டா: கேட்டிருப்பே. ஆனாலும் உன்னைக் கூப்பிட்டு ஒருத்தி சொல்லணுமில்ல.

லெவினா: ஆல்டா... அந்த வெறுஞ்சீட்டு என்னோடது. "ஆமா"ன்னு போடப் போனா ரூபன் முகம் வந்து நின்னுச்சு. "இல்லை"ன்னு போடப் போனா... வச்சு வச்சு எடுத்தேன். என் பிள்ளைக்கு என்னால ஒரு குறி போட முடியலை.

ஆல்டா: புள்ளின்னு எஸ்ரா சொன்னதுமே நினைச்சேன். அழாதே. கால்வினை நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. அது வேற. அதுக்கு எவ்வளவு நாளாகும்னு எனக்கே தெரியாது.

லெவினா: புரியுது.

ஆல்டா: ஆனா நீ என்ன பண்ணே? நீ எனக்கு ஒண்ணும் பண்ணலையே.

லெவினா: நான் ஒளிஞ்சு நின்னு கேட்டேன். உன் வீட்டு மணி அடிக்கறப்போ எல்லாம் எடுத்துக் கேட்டேன். உன் குரல் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க. வெக்கங்கெட்டதனம். ...நான் இருக்கேன்னு உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?

ஆல்டா: போன குளிர்காலத்துலேர்ந்து. முட்டை விலை, என் முதுகுவலி, பசு கன்னு போட்டது, ஊறுகாய் கெட்டுப்போனது... இத்தனையும் நான் தினம் வெர்னாவுக்கா சொல்லிட்டிருந்தேன்?